ஒரே உதை

சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே உத்தியோகம்: வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுவது. ஒரே மோட்டார் சைக்கிள். அது உத்தியோகத்தைவிட மூத்தது. நாலு தடவை எஞ்சினைப் பிரித்துத் தானே மாட்டியிருக்கிறார். வண்டி பிழைத்துக்கொண்டது, இவர் இடுப்புதான் போனது. "இன்னும் கிக்கர உதைச்சீங்கன்னா நடக்கிறதே கஷ்டம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆபீசில் ஒரு மேசை காலியானது. ஆனால் வண்டி ஓடுகிற வரைக்கும் அதிகாரி யாரையும் மேசையில் உட்காரவிட மாட்டார். ஆகவே வண்டியைச் சாகடிப்பது என்று முடிவானது. நான் அதிகாரி மாதிரி மூக்கால் பேசி ஒத்திகை நடத்தினேன்.

"என்னய்யா, வண்டி எப்படி?"

"செத்துப்போச்சு சார்."

"திருட்டு முழி முழிக்காதீங்க சித்தப்பா, சோகமாச் சொல்லுங்க!"

சித்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மேசையோட வாங்க. இல்லேன்னா அந்த வண்டி கூடவே குடித்தனம் பண்ணுங்க."

ஆபீசுக்கு ஒரு தெரு முன்னால் வண்டியை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றித் தொங்கவிட்டேன். மிச்ச தூரம் தள்ளிக்கொண்டு போனோம். அதிகாரியே இறங்கி வந்து பார்த்தார்.

"செத்துப்போச்சு சார்" என்றார் சித்தப்பா. அருமையான சோகம்.

"சரி, மேசைய எடுத்துக்க." அதோடு அதிகாரி போயிருக்கலாம். டேங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "பராமரிக்கத் தெரியாதவன் கையில சிக்குனா எந்த வண்டியும் தகரம்தான்."

சித்தப்பாவின் காது சிவந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நான் தலையை ஆட்டுவதற்குள் குனிந்தார். 'டக்'கென்று வயரை மாட்டினார். ஒரே உதை. டுப் டுப் டுப்!

"அட! நல்லாத்தானே ஓடுது? அப்புறம் மேசை எதுக்கு? லீவுல போனவன் தெருவையும் நீயே பாத்துடு."

திரும்பும்போது என் மடியில் இரண்டு மீட்டர் புத்தகங்கள்.

வாசலில் சித்தி. "மேசை கெடச்சுதா? எறங்கி வந்து சொல்லுங்க."

"எறங்க முடியலடி. இடுப்பு புடிச்சிக்கிச்சு."

சித்தி என் கையிலிருந்த புத்தகங்களைப் பார்த்தாள்.

"ஒரே உதையில கெளம்பிடுச்சு, தெரியுமா?" என்றார் சித்தப்பா மெதுவாக.

சித்தி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது. சித்தப்பா அதன்மேல் அப்படியே இருந்தார்.