போல்ட் இல்லாத ரைபிளும் ஒரு மானும்

போன சனிக்கிழமை காலை என் முன்னால் ஒரு மான் வந்து நின்றது.

பொய் இல்லை. ரோட்டின் இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும் நமக்கும் அந்தப் பக்கக் கடைக்கும் எவ்வளவு தூரம்? அவ்வளவுதான். கொம்பு வைத்த ஆண் மான். மூச்சு விடும்போது மூக்கிலிருந்து புகை வந்தது. என் நெஞ்சு அடித்த அடி அதற்குக் கேட்டிருக்கும்!

என் கையில் ரைபிள் இருந்தது. லைசென்ஸ் இருந்தது. தலையில் செம்மஞ்சள் தொப்பி, உடம்பில் செம்மஞ்சள் வெஸ்ட், சட்டைப் பையில் தோட்டா.

ஒன்றே ஒன்று இல்லை. அது இல்லாவிட்டால் ரைபிளும் விறகுக்கட்டையும் ஒன்றுதான். அந்த ஒன்று மூன்று மணிநேர ஓட்டத்துக்கு அப்பால், ஸ்காபரோ டோர்செட் பார்க்கில், எங்கள் அபார்ட்மென்டில், என் கணவரின் கோட்டுப் பையில் கிடந்தது.

மான் என்னைப் பார்த்தது. நான் மானைப் பார்த்தேன். அது குனிந்து இரண்டு வாய் புல்லுத் தின்றது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஆறுதலாக நடந்து போனது. ஓடக்கூட இல்லை! இதைவிட அவமானம் வேறு உண்டா?

சரி, இந்தக் கூத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள்.

நான் வேலை செய்யும் பாக்டரியில் டோனா என்று ஒருத்தி இருக்கிறாள். லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். வடக்கே அவளுடைய குடும்பத்துக்குக் காட்டோடு சேர்ந்த காணியும் ஒரு மரவீடும் உண்டு. ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போவாள். போன வருஷம் எனக்கு ஒரு பொதி மான் இறைச்சி தந்தாள். நான் எங்கள் கறித்தூளைப் போட்டுப் பிரட்டி, அடுத்த நாள் ஒரு டப்பாவில் அவளுக்குக் கொண்டுபோனேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய டப்பாவை வழித்துத் தின்றாள். தின்று முடித்துவிட்டுச் சொன்னாள் – அடுத்த வருஷம் நீயும் வா, நீயே சுடு, நீயே சமை.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டது. ஏன் என்று கேட்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக ஒன்று செய்ய ஆசை வந்தால் யோகா வகுப்புக்குத்தான் போக வேண்டுமா?

வேட்டை வகுப்புக்குப் போனேன். துப்பாக்கி லைசென்ஸ் வகுப்புக்கும் போனேன். இரண்டிலும் பாஸ். என் பிள்ளைகள் பட்டம் வாங்கியபோதுகூட நான் அப்படித் துள்ளவில்லை.

பிரச்சினை வீட்டில் தொடங்கியது.

கனடாவில் துவக்கு லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் கணவனோ மனைவியோ கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒளித்துச் செய்ய வழியே இல்லை. செய்யவும் கூடாது.

என் கணவருக்குப் பேக்கரியில் வேலை. ஒரு சிலந்தியைக்கூடக் கடதாசியில் ஏற்றிப் பல்கனியில் விடுகிற ஆள். கனடா டேக்கு வாணவெடி தொடங்கினால் பல்கனிக் கதவைப் பூட்டி, டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் ஒரு காலை, துவக்கோடு வந்த ஆட்கள் இவருடைய தமையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அது அவருடைய கதை.

"துவக்கு இல்லாத இடம் வேணுமெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்?" என்றார்.

"இது மானுக்கப்பா."

"அது ஆருக்கெண்டு துவக்குக்குத் தெரியுமோ?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாத நேரமெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் மனிதர் மறிக்கவில்லை. ஒரு பின்னேரம் தானாகவே கையெழுத்தை வைத்தார். "உமக்கு அவ்வளவு ஆசை. நான் தடுக்கேல்லை. ஆனா உந்தச் சாமான் வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு நித்திரை வராது. சொல்லிப்போட்டன்."

இப்போது விளங்குகிறதா? எனக்கு வேட்டை வேண்டும். அவருக்கு நித்திரை வேண்டும். இரண்டும் ஒரே அபார்ட்மென்டுக்குள். துவக்கை டோனா வீட்டில் வைக்கலாமே என்பீர்கள். கேட்டேன். அவளுடைய இரும்பு அலுமாரி முழுக்க அவளுடைய அண்ணன்மாரின் துவக்குகள். இடமில்லை.

இந்த நேரத்தில்தான் தவம் அண்ணை உள்ளே நுழைந்தார். என் கணவருடைய ஒன்றுவிட்ட அண்ணன். யூனியன்வில்லில் பெரிய வீடு. வீட்டைவிடப் பெரிய வாய். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் மட்டன் ரோலைக் கடித்துக்கொண்டே எனக்கு ஆலோசனை சொன்னார்.

"தங்கச்சி, ரைபிள் எல்லாம் ஆம்பிளையளின்ரை சாமான். நீர் ஒரு பிஸ்டல் வாங்கும். சின்னன். விலையும் குறைவா இருக்கும்."

"ஏன் குறைவா இருக்கும்?"

"இரும்பு குறைவெல்லே!"

"மீன் மாதிரி நிறுத்தோ அண்ணை துவக்கு விக்கிறாங்கள்?"

"பகிடி விடாதையும். ஹான்ட்பாக்குக்குள்ள வைக்கலாம். வீட்டிலயும் இடம் பிடியாது."

"நல்லது. பேந்து மானுக்குக் கிட்டப் போய், காதுக்குள்ள வைச்சோ சுடுறது?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தவம் அண்ணை சிரிக்கவில்லை. "ஊரில பிஸ்டல் வைச்சிருந்தவன் ஆர்? பெரிய ஆள்! ரைபிளோட நிண்டவன் அவனுக்குக் காவல்!"

பாருங்கள்... இதுதான் நம் ஆட்களின் பிழை. நாம் துவக்கைக் கடையில் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. ஆட்களின் இடுப்பிலும் தோளிலும் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் எது எதற்கு உதவும் என்று யோசிக்க மாட்டோம். எதைக் கண்டால் மற்றவன் எழும்பி நிற்பான் என்றுதான் யோசிப்போம். கார் வாங்குவதும் அப்படி. வீடு வாங்குவதும் அப்படி. கல்யாணத்துக்கு மண்டபம் எடுப்பதும் அப்படி. ஆனால் மான் எழும்பி நிற்காது ஐயா! அதற்கு உங்கள் அந்தஸ்து தெரியாது.

வகுப்பில் படித்ததை அவருக்கு எடுத்துச் சொன்னேன். இந்த நாட்டில் பிஸ்டலோடு வேட்டைக்குப் போக முடியாது. நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இப்போது அதை விற்கவும் மாட்டார்கள். கேட்டாரா?

"உதெல்லாம் சட்டம். கடையில நேர கேட்டுப் பாப்பம்."

கேட்கவும் வந்துவிட்டார். ஸ்காபரோவிலிருந்து வடக்கே போனால் ஒரு வேட்டைக் கடை. என் கணவர்தான் காரோட்டினார். "நான் காருக்குள்ள இருக்கிறன்" என்று பார்க்கிங்கிலேயே நின்றுவிட்டார். நானும் தவம் அண்ணையும் உள்ளே போனோம்.

தாடி வைத்த கடைக்காரரிடம் தவம் அண்ணை நேராகப் போய், இந்த லேடிக்கு மான் சுட ஒரு சின்னப் பிஸ்டல் காட்டு என்றார். விற்பதில்லை, வேட்டைக்கு அதைக் கொண்டுபோகவும் கூடாது என்றார் கடைக்காரர். மனேஜரைக் கூப்பிடு என்றார் தவம் அண்ணை. நான்தான் மனேஜர் என்றார் கடைக்காரர். பிறகு மிகவும் மரியாதையாகக் கையை நீட்டி, தூண்டில்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன என்றார்.

தவம் அண்ணை தூண்டில் பக்கம் போனவர்தான். திரும்பி வரவே இல்லை.

நானோ வேறு உலகத்தில் இருந்தேன். சுவர் முழுக்க ரைபிள்! ஒன்று புத்தம் புதிது. கறுப்புப் பளபளப்பு, மேலே தொலைநோக்கி, ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும். கையில் எடுத்தேன். இறக்கி வைக்க மனம் வரவில்லை. விலையைப் பார்த்தேன். உடனே இறக்கி வைத்தேன். மூலையில் பழைய துவக்குகள் வரிசையாக நின்றன. பாக்டரிச் சம்பளத்துக்கு அந்த மூலைதான். ஆனால் கண் என்னவோ திரும்பத் திரும்பப் புதியதற்கே போனது. கிரெடிட் கார்டைக்கூட வெளியில் எடுத்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது. இவர்!

பயம் போய்விட்டதா? இல்லை. வோஷ்ரூம் தேடி வந்திருக்கிறார். சுவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே போனார். தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார். வந்தவர் என் பக்கத்தில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் அத்தனை வகுப்புக்குப் போயும் கேட்காத கேள்வி.

இதில் எதைச் சுடாமல் பண்ணுவது லேசு?

கடைக்காரர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். மூலையில் நின்ற பழைய ரைபிள் ஒன்றை எடுத்தார். மரப்பிடியில் நீளமாக ஒரு கீறல். அதன் பின்பக்கத்தில் ஒரு கைபிடி. அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, சாண் நீள இரும்புத் துண்டு ஒன்றை முழுசாக வெளியே உருவினார். போல்ட் என்பார்கள். தோட்டாவை உள்ளே தள்ளுவதும் அதுதான், வெடிக்க வைப்பதும் அதுதான். அதை இவருடைய உள்ளங்கையில் வைத்தார். இது உன்னிடம் இருந்தால் அது வெறும் தடி என்றார்.

இவர் விரல்களை மூடினார்.

"இவ்வளவுதானோ?" என்று என்னைக் கேட்டார்.

"இவ்வளவுதான்."

"அப்ப இதை வாங்கும். துவக்கு உம்மட. இது என்ரை."

முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. வந்ததும் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கீறலைக் காட்டி விலை பேசத் தொடங்கிவிட்டார்! கடைக்காரர் விலையில் அசையவில்லை. ஆனால் பூட்டுப் போட்ட பெட்டியைச் சும்மா தந்தார். அதுவும் எங்களுக்குத் தேவையானதுதான்.

அடுத்த நாள் காலை கேட்டேன். "நித்திரை வந்ததோ?"

"வந்தது."

கோட்டைத் தலைமாட்டில் கொளுவிவிட்டுப் படுத்திருந்தார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஒழுங்கு. சுட்டுப் பழகும் இடத்துக்கு நான் போகும்போது வாசலில் வைத்து போல்ட்டைத் தருவார். வந்ததும் கையை நீட்டி வாங்குவார். வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுத்து வாங்குவது மாதிரி. ஒருநாளும் பிசகவில்லை.

போன வெள்ளி பிசகியது. வேலை முடிந்து வந்த கையோடு டோனாவின் ட்ரக் எங்கள் வாசலில் வந்து நின்றது. இவர் பேக்கரியில். எனக்குக் கால் தரையில் படவில்லை. பெட்டியைத் தூக்கினேன், தொப்பியைப் போட்டேன், ஏறினேன். வழியெல்லாம் பாட்டு! சனிக்கிழமை விடியப் பெட்டியைத் திறந்தால்... போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

போன் அடித்தேன். "போல்ட் உங்களிட்டையெல்லே!"

"நீர் கேக்கேல்லையே."

"நீங்கள் தந்திருக்க வேணும்!"

"நான் வேலையிலயெல்லே நிண்டனான்."

"கொண்டு வாங்கோ!"

மெதுவாக, "அங்க ஆக்கள் சுடுவினமெல்லே?" என்றார்.

"ஓம். வேட்டைதானே."

போன் வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம். அவர் மேலா, என் மேலா, தெரியாது. வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்ததால் அந்தத் தடியைத் தூக்கிக்கொண்டு போய், டோனா காட்டிய மரத்தடியில் குந்தினேன். மான் வந்தது. புல்லுத் தின்றது. போனது. அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

மத்தியானம் மரவீட்டுக்குத் திரும்பினேன். டோனா இன்னும் காட்டுக்குள்தான். முற்றத்தில் எங்கள் கார் நின்றது.

பக்கத்தில் இவர். டொலர் கடையில் வாங்கிய செம்மஞ்சள் தொப்பி தலையில். விலைச்சீட்டு காதோரம் தொங்கியது. ஒரு கையில் புட்டுப் பார்சல். மற்றக் கை கோட்டுப் பைக்குள்.

டோனாவின் மரவீட்டு விலாசத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தது வீண் போகவில்லை.

அப்போது காட்டுக்குள் ஒரு வெடி கேட்டது.

பார்சல் விழுந்தது. கார்க் கதவை இறுக்கிப் பிடித்தார். நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஏறிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் அடுத்த நாளே ரைபிளை விற்றிருப்பேன். சத்தியமாக. அந்த நிமிஷம் எனக்கு மானும் வேண்டாம், காடும் வேண்டாம் என்று இருந்தது.

மெதுவாக மூச்சை விட்டார்.

"உது ஆர்?"

"டோனா."

"பட்டுதோ?"

"தெரியேல்லை."

"பேந்தென்ன என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? போய்ப் பாரும். இறைச்சி பழுதாப் போயிடும்!"

கோட்டுப் பைக்குள் இருந்த கை வெளியே வந்தது. போல்ட் சூடாக இருந்தது. அவ்வளவு தூரமும் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். "பின்னேரம் திருப்பித் தாரும்" என்றார்.

டோனாவின் வெடி படவில்லை. பின்னேரம் முழுக்க நானும் குந்தியிருந்தேன். இப்போது சுடக்கூடிய ரைபிளோடு! மான் என்ன, ஒரு முயல்கூட வரவில்லை. இருட்ட முன் இவர் கையில் போல்ட்டைக் கொடுத்தேன். தொப்பியைக் கழற்றாமலே இருந்து, டோனாவுக்குப் புட்டு எப்படிக் குழைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

கையில் காசு குறைவு, வேட்டைக்கு எதை வாங்கலாம் என்று சிலர் கேட்கிறீர்கள். பிஸ்டல் கதையைத் தவம் அண்ணையோடு விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் துவக்குக்கு மிகவும் பயந்தவர் யாரோ, அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் காட்டுவதை வாங்குங்கள். மலிவாகவும் முடியும், நித்திரையும் வரும்.

வேட்டைக்கு வெளிக்கிடும்போது போல்ட்டைக் கேட்டு வாங்க மட்டும் மறக்காதீர்கள்!