மாதம்மா அறுத்த ராகி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பெங்களூர் ஆஸ்பத்திரி டாக்டர் என் மனைவி மாதம்மாவைச் சோதித்துவிட்டு, அவளை வைத்துக்கொண்டே என்னிடம் கன்னடத்தில் சொன்னார்: "மார்பில் இருப்பது புற்று. சின்னது, மெதுவாக வளர்வது. அக்குளுக்குப் பரவியதா என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிறகு கையைத் தூக்க மாதங்களாகும்."

எங்கள் ஊர் அஞ்செட்டியில் ராகி அறுப்புக்கு நின்றது; அறுக்க அவளை விட்டால் ஆளில்லை. மாதம்மாவுக்குக் கன்னடம் தெரியாதென்ற தைரியத்தில், "வெறும் கொழுப்புக்கட்டியாம், பச்சிலை அரைச்சுப் பத்துப் போட்டா போயிருமாம்" என்றேன். எழுந்து என்னோடு ஊருக்கு வந்தாள்.

அடுத்த வருடம் அவள் அக்குளில் நெறி கட்டியது. கை வீங்கியது. "பெங்களூர் போலாம் வா" என்று பதறினேன்.

"சின்னதுல தளியில கன்னடக்காரங்க வூட்லதான் மாமா மாடு மேச்சேன். டாக்டர் சொன்னது எனக்கும் புரிஞ்சுது."

"ஏண்டி அன்னிக்கே சொல்லல?"

"நீ என்னா சொல்றேன்னு பாத்தேன்."

எல்லாம் தெரிந்தேதான் அந்த ராகியை அவள் அறுத்திருக்கிறாள். அவள் செத்துப்போன பிறகும் குதிரில் அது மிச்சமிருந்தது. நான்தான் தின்று தீர்த்தேன்.