அப்பாவின் முட்டிவலி மாத்திரை

அப்பாவுக்கு இடது முட்டியில்தான் வலி. தச்சநல்லூரிலிருந்து மேலப்பாளையம் வரை ஓடிய ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் அவர் டிரைவர். ஒரு நடைக்கு எத்தனை தடவை கிளச்சை மிதிக்கிறார் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஜங்ஷன் தாண்டுவதற்குள் கணக்குத் தப்பிவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது.

தெருமுனை மருந்துக்கடை அண்ணாச்சி கொடுத்த மாத்திரை பிரமாதமாக வேலை செய்தது. காலையில் கடுங்காப்பியோடு ஒன்று, மதியம் ஒன்று. ஒரே வாரத்தில் வீக்கம் வடிந்து, அப்பா கைப்பிடி பிடிக்காமல் படியேறினார். மழைக்காலம் வந்ததும் இரண்டு மாத்திரை மூன்றாயிற்று. கூடவே நெஞ்சு எரிகிறதென்று இளஞ்சிவப்பு மருந்து ஒன்றைப் பாட்டிலோடு சாய்த்துக் குடிக்கத் தொடங்கினார். அம்மா டாக்டரிடம் கூப்பிட்டால், "வலிதான் போயிட்டுல்லா, பிறகு டாக்டர் எதுக்கு?" என்பார். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நானும் அப்பா கட்சிதான்.

ஒரு சனிக்கிழமை காலை, கக்கூஸிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்தார். தலை சுற்றுகிறது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடு என்றார். உள்ளே போனால், ரோட்டுக்கு ஊற்றும் தார் மாதிரி கன்னங்கரேலென்று கிடந்தது.

"என்னப்பா இப்படிக் கருப்பா இருக்கு?"

"நேத்து கீரை தின்னம்லா, அதான். ஏட்டி, அம்மாட்ட சொல்லிராத. வேலைக்கு விடமாட்டா."

சொல்லவில்லை. அப்பாவின் ரகசியம் ஒன்று என் கையில் இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

மத்தியானம் அப்பா பஸ்ஸின் கண்டக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். "பதறாதீங்க மதினி. அண்ணன ஆஸ்பத்திரில சேத்திருக்கு."

ஆற்றுப் பாலத்தின் மேல் வரும்போதே அப்பாவுக்குக் கண் இருட்டியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி, வண்டியை ஓரமாக ஒதுக்கி, இஞ்சினை அணைத்து, கைபிரேக்கையும் இழுத்துவிட்ட பிறகுதான் வாந்தி எடுத்தாராம். காப்பித்தூளைக் கரைத்தது போல இருந்ததாம். பஸ் நிறைய ஆட்கள். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

நாங்கள் போனபோது டாக்டரம்மா அப்பாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலம் கருப்பா போச்சா?" என்று கேட்டார். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்ல" என்றார்.

"போச்சு" என்றேன் நான். "இன்னைக்குக் காலைல. தார் மாதிரி. நான்தான் தண்ணி ஊத்துனேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியவில்லை. டாக்டரம்மா அதற்குள் ரத்தம் கொண்டுவர ஆள் அனுப்பியிருந்தார்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. தார் மாதிரிப் போனது அந்த ரத்தம்தானாம். முட்டிக்குப் போட்ட மாத்திரை வயிற்றை எப்படிப் புண்ணாக்கும் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. டாக்டரம்மா மறுநாள் நிதானமாகச் சொன்னார்.

"முட்டி வீங்குறதுக்கும் வலிக்கிறதுக்கும் உடம்பே ஒரு பொருளை உண்டாக்குதும்மா. இந்த மாத்திரை அதை உண்டாக விடாது. அதனாலதான் வலி குறையுது. ஆனா அதே மாதிரிப் பொருள்தான் வயித்துக்குள்ள சுரக்குற ஆசிட், வயித்துச் சுவரையே தின்னுராமக் காக்குது. மாத்திரைக்கு முட்டி எது வயிறு எதுன்னு தெரியாது. ரெண்டு இடத்துலயும் நிப்பாட்டிரும். ரத்தம் உறையுறதையும் கொஞ்சம் தடுக்கும். அதான் கசிவு நிக்கல."

"சாப்பிட்டுட்டுப் போட்டிருந்தா?" என்றாள் அம்மா.

"எரிச்சல் கொஞ்சம் குறையும். ஆனா இது ரத்தத்துல கலந்துல்லா வேலை செய்யுது. அப்பவும் புண்ணு வரலாம்."

அப்பா கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நல்லவேளை, சொல்லிட்ட" என்றார்.

அடுத்த மாதம் அவர் வண்டிக்குத் திரும்பினார். அந்த மாத்திரை வீட்டுக்குள் வரவே இல்லை. நான் வாய் திறந்ததால்தான் அப்பா பிழைத்தார் என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிவைத்தேன். சாயங்காலம் அவர் வீடு வந்ததும் அம்மா வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, முட்டியில் பைய ஒத்தடம் கொடுப்பாள்.

"வலிக்காப்பா?" என்று கேட்பேன்.

"இல்லட்டி" என்பார்.

மாத்திரையோடு வலியும் தொலைந்தது என்றே நான் நம்பினேன். வலியே இல்லாத காலுக்கு அம்மா எதற்காகத் தினமும் வெந்நீர் போடுகிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.