பாஞ்சாலை வாங்கிய சுழிக் குதிரை

அறுபத்தெட்டாம் வருஷம் விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் பதினேழு ஜட்கா நின்றுகொண்டிருந்தன. பதினெட்டாவது ஜட்கா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டோரமாக, குதிரை இல்லாமல், கோழி அடைகிற கூண்டாகக் கிடந்தது. அது ராஜாங்கத்தின் வண்டி. ராஜாங்கம் விஷக்காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு முன்னாலேயே குதிரையும் போய்விட்டது. மிச்சம் இருந்தவள் அவன் பெண்டாட்டி பாஞ்சாலை. வயது முப்பது, பிள்ளை இல்லை, வாய் மட்டும் நான்கு பேருக்கு உண்டானது இருந்தது.

பாஞ்சாலை பீங்கான் பட்டறையில் கூலி வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வரும் கப்பையும் ஜாடியையும் வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்குவது அவள் வேலை. அவள் அடுக்கியது சரியாகத்தான் இருக்கும். மாட்டு வண்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதற்குள் கூடைக்கு நாலு கப்பாவது காது உடைந்து கிடக்கும். பட்டறைக்காரர் விருத்தகிரி தினமும் வண்டிக்காரனைத் திட்டுவார், வண்டிக்காரன் மாட்டைத் திட்டுவான்.

ஒருநாள் பாஞ்சாலை அவர் எதிரில் போய் நின்றாள். “ஐயா, என் வூட்டுல வில்லு வச்ச, குலுங்காத வண்டி சும்மா கெடக்குது. ஒரு குதிரைய வாங்கிப் பூட்டி, ஒரு கப்புகூட ஒடையாம நான் கொண்டு போய்ச் சேக்கறேன். நடையெல்லாம் எனக்கே குடுப்பீங்களா?”

விருத்தகிரி சிரித்துவிட்டார். “ஓட்டறது யாரு?”

“நாந்தான்.”

“மொதல்ல குதிரையக் காட்டு, பாப்போம்” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். பாஞ்சாலை அதை வினையாகவே எடுத்துக்கொண்டாள். காதில் கிடந்த கம்மலை விற்று மாசி மகத்துக்காகக் காத்திருந்தாள். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்று மணலில் பச்சமுத்து என்ற குதிரை வியாபாரி ஐந்தாறு குதிரைகளோடு வந்து டேரா போடுவது வழக்கம். துணைக்கு லாடம் அடிக்கிற மாயவனைக் கூப்பிட்டாள். மாயவனுக்கு முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைவிட அந்த வீட்டு மாட்டின் குளம்பைத்தான் அதிக நேரம் பார்த்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மைதான்.

போகிற வழியிலேயே மாயவன் பாடம் எடுத்தான். “யாவாரி ஏன் மணல்ல குதிரைய நிறுத்தறான் தெரியுமா? மணல்ல நடந்தா நொண்டி தெரியாது. மேட்டு ரோட்டுல ஏத்தி நடக்க வுடணும். நல்லா துள்ளுதுன்னா சந்தோஷப்படாத. வாலுக்கடியில இஞ்சித் துண்டு வச்சிருப்பான்.”

“அட கருமமே! குதிரை பேசாம இருக்குமா?”

“அதனாலதான துள்ளுது.”

ஆற்றில் நின்ற ஆறு குதிரைகளில் இரண்டு துள்ளின. பாஞ்சாலை அவற்றின் பக்கமே போகவில்லை. ஓரத்தில் ஒரு செவலைப் பெண் குதிரை, ஊர் வம்பில் நமக்கென்ன என்பது மாதிரி நின்றிருந்தது. மாயவன் பல்லைப் பார்த்து ஏழு வயது என்றான். நான்கு காலையும் தூக்கிப் பார்த்தான். ரோட்டில் ஏற்றி நடக்கவிட்டான். நடை தண்ணீர்க்குடம் சுமக்கிற பெண்ணின் நடை. முதுகு ஆடவே இல்லை. கப்புக்கு ஏற்ற குதிரை இதுதான் என்று பாஞ்சாலைக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. ஆசையோடு அதன் முகத்தைத் தடவி, கண்ணோரத்தில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். முந்தானை கறுப்பாக வந்தது.

இன்னும் அழுத்தித் துடைத்தாள். விளக்குக்கரியும் விளக்கெண்ணெயும் கலந்த மை. மை போனதும் கண்ணுக்குக் கீழே மயிர் சுழித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. கண்ணீர்ச் சுழி! வேடிக்கை பார்த்தவர்கள் ரெண்டடி பின்னால் போனார்கள். அந்தச் சுழி உள்ள குதிரையை எந்தப் பெண் கயிறு பிடித்து வாங்கினாலும் அவள் புருஷன் தங்கமாட்டான் என்பது குதிரை வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் பேசுகிற பேச்சு. மாயவன் பச்சமுத்துவின் சட்டையைப் பிடிக்கப் போனான்.

பாஞ்சாலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “ஏய்யா யாவாரி, இத மறைக்க வேற ஆள் கெடைக்கலியா? எடுத்துக்கிட்டுப் போக எங்கிட்ட இன்னா இருக்குது? எம் புருஷன்தான் போயி மூணு வருஷம் ஆச்சே!”

கூட்டம் சிரித்தது. பச்சமுத்துவுக்கு உயிர் வந்தது. குதிரை பேரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும். பழக்க தோஷத்தில் அவன் துண்டு போட்ட கையை பாஞ்சாலையிடம் நீட்டிவிட்டான். பொம்பளையின் விரலைப் பிடிப்பதா? சட்டென்று இழுத்துக்கொண்டு மாயவன் பக்கம் நீட்டினான்.

“காசு குடுக்கறவ நான். அந்தாளு வெரல எதுக்குப் புடிக்கிற? வாயத் தொறந்து சொல்லு.”

வேறு வழியில்லாமல் பச்சமுத்து அவள் காதருகில் முணுமுணுத்தான்.

“நானூறா!” என்று பாஞ்சாலை அக்கரைக்குக் கேட்கக் கத்தினாள். “சுழிக் குதிரைக்கு நானூறா! அப்ப அந்த இஞ்சிக் குதிரை எவ்ளோ?”

அதுவரை பச்சமுத்துவின் விரலை நம்பி நின்ற, குதிரை வாங்க வந்த மற்ற ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தன் பிழைப்பு ஆற்றோடு போய்விடும் என்று அவனுக்குப் புரிந்தது. நூற்றெண்பதுக்குக் கயிற்றை அவள் கையில் கொடுத்து, மேட்டில் ஏறி மறைகிற வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே நின்றான்.

இத்தனை பேர் சுழியைப் பார்த்தார்களே, ஒருவராவது அந்தக் குதிரைக்கு ரயில் பிடிக்குமா என்று கேட்டிருக்கக் கூடாதா? முதல் லோடு ஏற்றி ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது திருச்சி போகிற வண்டி ஊதியது. செவலை அப்படியே பின்னால் நடக்க ஆரம்பித்தது. பாஞ்சாலை கடிவாளத்தை இழுக்க இழுக்க அது பின்னாலேயே போய் ஒரு டீக்கடைத் தட்டியில் முட்டி நின்றது. மூன்று கூடைக் கப்பு தூள். ஜங்ஷன் வாசலில் குதிரைக்கு ரயில் ஆகாது என்றால் அதைவிடப் பெரிய சுழி ஏது?

விருத்தகிரி ஒரு மாதம் தவணை கொடுத்தார். அந்த ஒரு மாதமும் மாயவன் தன் வேலையை விட்டுவிட்டு வந்தான். செவலையின் காதில் பஞ்சை அடைத்து, தண்டவாளத்துக்கு இருநூறு அடி தள்ளி வேப்பமரத்தில் கட்டி, ரயில் வருகிற நேரத்துக்கெல்லாம் கொள்ளு வைத்தான். தினம் கொஞ்சம் பஞ்சை எடுத்தான், தினம் பத்தடி கிட்டத்தில் கட்டினான். கடைசியில் எஞ்சின் ஊதினால் செவலை கொள்ளு எங்கே என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதற்குள் பாஞ்சாலையும் அந்த வேப்பமரத்தடிக்கு ரெண்டு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு போகப் பழகியிருந்தாள்.

அதன் பிறகு ஒரு கப்பும் உடையவில்லை. விருத்தகிரியின் சரக்கு மட்டுமல்ல, பக்கத்துப் பட்டறைகளின் சரக்கும் அவளைத் தேடி வந்தது. ஜட்காக்காரர்கள் முதலில் “பீங்கான் ராணி வர்றா, வழி வுடு” என்று கேலி பேசினார்கள். பிறகு அவர்களே வண்டியை நகர்த்தி இடம் விட்டார்கள்.

எழுபதாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் மாயவன் செவலையின் பின்னங்காலை மடியில் வைத்து லாடம் அடித்துக்கொண்டே, தலை நிமிராமல், “பாஞ்சாலை, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டான்.

“யாரக் கேக்கற? என்னையா, குதிரையையா?” என்றாள். ஆனால் முகம் சிவந்துவிட்டது.

மாயவனின் அக்கா ஆண்டாளுக்குப் பாஞ்சாலையைப் பிடிக்கும். தாலி அறுத்தவள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பேச்சே இல்லை. அவர்கள் வழக்கத்தில் அப்படிக் கட்டிக்கொள்வது உண்டு. குதிரைதான் அவளுக்கு ஆகவில்லை. “பாஞ்சாலை, நீ கயிறு புடிச்சி வாங்குன குதிர அது. எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு தம்பி. அத வித்துட்டு வா, நாளைக்கே தாலி கட்டச் சொல்றேன்” என்றாள்.

மாயவன் அதைக் கேட்டுச் சிரித்தான். பாஞ்சாலையால் சிரிக்க முடியவில்லை. ஆற்று மணலில் அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் இடுப்பில் கை வைத்துச் சிரித்தவள் அவள்தான். அன்று அவளிடம் இழக்க ஒன்றும் இல்லை. இப்போது இருந்தது. மாயவன் ரெண்டு தும்மல் போட்டால் அவள் கஷாயம் வைக்க அடுப்பை மூட்டினாள். காலையில் எழுந்ததும் செவலையின் கண்ணுக்குக் கீழேதான் முதலில் பார்த்தாள். அந்தச் சுழி ஒவ்வொரு நாளும் பெரிதாகிக்கொண்டே போவது போலத் தோன்றியது. குதிரை போனால் பிழைப்பு போகும், மறுபடி கூடை அடுக்கத்தான் போக வேண்டும். போகட்டும், மனுஷன் இருந்தால் போதும் என்று முடிவு செய்தாள். அந்த வருஷம் மாசி மகத்துக்கு, யாரிடமும் சொல்லாமல், செவலையை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். வழியெல்லாம் அழுதாள்.

பச்சமுத்து அவளைக் கண்டதும் துண்டை மடியில் செருகிக்கொண்டான். இவளிடம் அது உதவாது. விலை சீக்கிரமே படிந்தது. பாஞ்சாலை பணத்தை வாங்கிக்கொண்டு கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். அவன் கயிற்றை முளையில் கட்டிவிட்டு, உட்கார்ந்து, ஒரு தகர டப்பாவைத் திறந்து விரலில் மையைத் தொட்டான்.

“இன்னாய்யா பண்ற?”

“கருவேப்பிலங்குறிச்சியிலேர்ந்து ஒருத்தர் வரேன்னு இருக்காரும்மா. அவரு சம்சாரத்துக்கு வண்டி கட்டணுமாம். புதுசா கல்யாணம் ஆனவங்க. அந்தம்மா கையாலதான் கயிறு வாங்குவாங்களாம்.”

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் ஒரு மனுஷன் இருக்கிறான். அவனுக்கும் தும்மல் வரும். தன் தலையில் இருப்பதை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டுத் தான் மட்டும் மஞ்சள் பூசிக் குளிப்பதா? பாஞ்சாலை பாய்ந்து டப்பாவைத் தட்டிவிட்டாள். பணத்தை அவன் மடியில் போட்டுவிட்டு முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். பச்சமுத்து கத்தினான். அவள் பதிலுக்குக் கத்தினாள். செவலை இடையில் நின்று மையை முகர்ந்து பார்த்தது.

அந்தச் சத்தத்தில்தான் மாயவன் வந்து சேர்ந்தான். குதிரையும் பெண்ணும் காணோம் என்றதும் எங்கே போயிருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பாஞ்சாலை அழுதுகொண்டே சொன்னாள்: “விக்கவும் முடியல, வச்சிக்கவும் முடியல. என்ன வுட்டுடு. நீ உசுரோட இருந்தா போதும் எனக்கு.”

மாயவன் மணலில் குந்தி உட்கார்ந்தான். “ரெண்டு வருஷமா இதோட பின்னங்கால என் மடியில வச்சி ஆணி அடிக்கிறேன். என்னக் கொல்லணும்னா ஒரு ஒத போதாதா? அது பாட்டுக்கு நிக்குது. இது என்னைய ஒண்ணும் பண்ணாது பாஞ்சாலை.”

“பண்ணிட்டா?”

“பண்ணிட்டா நீ பொழச்சிக்குவ. ஒருதரம் பொழச்சவதான?” என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். “எனக்காக இந்தக் குதிரையையே விக்க வந்திருக்க. எம்மேல இவ்ளோ ஆசைன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இனிமே நீ வுடச் சொன்னாலும் வுட மாட்டேன்.”

“ஏம்ப்பா, நான் குதிர விக்க வந்தனா, கல்யாணம் பேச வந்தனா?” என்றான் பச்சமுத்து. ஆனால் அவனும் எழுந்து போகவில்லை.

ஆண்டாளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ரெண்டு நாள் சோறு தின்னாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். தீராத வழக்கைச் சாமியிடம் மனுவாக எழுதிக் கட்டுகிற இடம் அது, பிராது என்பார்கள். எழுதுகிறவர் எதிராளி பெயரைக் கேட்டார். ஆண்டாள் “குதிர” என்றாள். எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்றார்; தூரக் கணக்கில்தான் அங்கே காசு. “அது எங்க ஒரு எடத்துல நிக்கிது? தெனம் நாலு நட ஸ்டேஷனுக்குப் போயிட்டு வருது” என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு எழுதிக் கொடுத்தார். என் தம்பியை ஒன்றும் செய்யக் கூடாது என்று அந்தக் குதிரைமேல் பிராது கட்டிவிட்டு வந்து, “இனிமே சாமி பாத்துக்கட்டும்” என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தாள்.

கல்யாணம் பங்குனியில் அந்தக் கோயிலிலேயே நடந்தது. திரும்பி வரும்போது செவலைதான் வண்டி இழுத்தது. கடிவாளம் மாயவன் கையில் இருந்தது. ஜங்ஷன் வாசலில் பதினேழு ஜட்காவும் ஓரம் கட்டி நிற்க, பெண்கள் வாசலுக்கு வந்து, மாப்பிள்ளையைப் பார்ப்பதா சுழியைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். மாயவன் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தான். பாஞ்சாலைக்குப் பயம் போகவில்லை. அது போகப் போவதில்லை என்றும், ஆசை இருக்கிற வரைக்கும் அதுவும் கூடவே இருக்கும் என்றும் அவளுக்குப் புரிந்திருந்தது. வண்டி வீடு வந்து நிற்கிற வரைக்கும் அவள் அவன் புதுச்சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.