மணல் சரிந்த கிணற்றில் அம்மாள் காத்த உயிர்

சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் இருக்கிற ஊர் எங்களுடையது. தகரக் கொட்டிலில் இருந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. தண்ணீர் பவுசர் வந்தால் ஊரே குடத்தோடு ஓடும். சண்டையும் பிடிப்போம், சிரிக்கவும் செய்வோம். என் கணவருக்கு மட்டும் வரிசையில் நிற்பது பிடிக்காது. மேட்டுப் பக்கம் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று புதுக் கிணறு வெட்டத் தொடங்கினார்.

மணலில் கிணறு வெட்டுவதென்றால் முதலில் சீமெந்து வளையத்தை வைத்து, அதற்குள் நின்றுதான் தோண்ட வேண்டும். தோண்டத் தோண்ட வளையமும் இறங்கி மண்ணைத் தாங்கும். காத்தான்குடியிலிருந்து வளையம் வரப் பிந்தியது. பொறுமை இவருக்குக் கிட்டவும் வராது. வெறும் குழிக்குள் இறங்கிவிட்டார்.

அன்று பின்னேரம் ஈரமணல் சரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நெஞ்சுவரை புதைந்து, இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றார்.

"கண்ணகை அம்மாளே, அவர இழுத்தெடுக்க எனக்குப் பலத்தத் தா தாயே."

கத்திக்கொண்டே ஓடினேன். பாதி வழியில் கால் சோர்ந்து முழங்காலில் விழுந்தேன். எழும்ப முடியவில்லை. இந்த நேரத்திலா கைவிட்டாய் என்று அம்மாளை ஏசினேன். ஏசி ஏசித்தான் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து வளையம் ஏற்றிய உழவு மெசின் வந்தது. அதிலிருந்து காத்தான்குடி முஸ்லிம் அண்ணர் ஒருவர், காக்கா என்போம், குதித்தார்.

"கிட்டப் போகாதங்க தங்கச்சி. விளிம்புல கால் வெச்சா மிச்ச மண்ணும் அவர்ர தலையில விழும்."

ஊராரைத் தூர நிறுத்தினார். குழியைச் சுற்றிப் பலகை போட்டு, அடியும் மூடியும் வெட்டித் திறந்த எண்ணெய்ப் பரல் ஒன்றை, பெரிய தகரப் பீப்பாயை, இவரைச் சுற்றி மெதுவாக இறக்கினார்கள். சுற்றுமண் அதற்குள் வரவில்லை. உள்ளே இருந்த மண்ணை இவரே தகரக் குவளை போன்ற பேணியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். பொழுதுபடும் நேரம் கயிறு கட்டித் தூக்கினார்கள். பிறகு பார்த்தால், நான் விழுந்த இடத்துக்கு முன்னால் மணல் நீளமாகப் பிளந்து கிடந்தது.

வளையம் இறக்கி அந்தக் கிணற்றை முடித்தோம். வைகாசியில் அம்மாளின் குளிர்த்திச் சடங்குக்கு அந்தத் தண்ணீரைத்தான் கொண்டுபோனோம். யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து கிணறு வெட்டியபோது, ஒவ்வொரு வளவிலும் போய் நின்றேன். வளையம் வைக்காமல் ஒருவரையும் இறங்க விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களை விளிம்பிலிருந்து விரட்டினேன். வளையக்காரி என்று பட்டம் வைத்தார்கள், வைக்கட்டும். அதுதான் நான் அம்மாளுக்கு வைத்த நேர்த்திக்கடன்.

நீங்களும் அவளைக் கூப்பிடுங்கள். கேட்டது கிடைக்காவிட்டால் ஏசுங்கள், கோபிக்க மாட்டாள். அன்று நான் கேட்ட பலத்தை அவள் தந்திருந்தால், என் காலாலேயே இவரை மூடியிருப்பேன்.