புள்ளி டீச்சர்

பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் புள்ளி டீச்சர். 'புக்கு', 'பென்னு' என்று எந்தப் பிள்ளையாவது ஆங்கிலச் சொல்லுக்கு வால் ஒட்டினால் போதும், "கடைசி எழுத்துக்குப் புள்ளி வை!" என்று வகுப்பே அதிரும். அந்த அதட்டலில்தான் டீச்சரின் வண்டி இத்தனை வருஷம் ஓடியது.

பாடம் ஆன்லைனுக்கு மாறியதும் அந்த ஜம்பமெல்லாம் புஸ்ஸென்று போயிற்று. கட்டிலில் லேப்டாப், பின்னால் துணிக் குவியலை மறைக்க ஒரு போர்வை. திரையில் பெரும்பாலும் கறுப்புக் கட்டங்கள். கேள்வி கேட்டால் "கேக்கல மிஸ்". ஒரே ஒரு சிறுமிதான் தினமும் முகம் காட்டி உட்காருவாள். பக்கத்தில் அவள் அம்மா. மகள் சொல்வதையெல்லாம் தானும் முணுமுணுவென்று சொல்லிப் பார்ப்பாள்.

அன்றைய சொல், பையைக் குறிக்கும் 'பேக்'. சிறுமி சரியாகச் சொன்னாள். பின்னாலேயே ஆசையாக அம்மாவின் குரல்: "பேக்கு."

மைக்கை அணைத்துவிட்ட நினைப்பில், டீ கொண்டுவந்த கணவரிடம் டீச்சர் சிரித்தார். "பேக்காம் பேக்கு! இந்தம்மாதான் சரியான பேக்கு."

அதுவரை எதுவும் கேட்காத பிள்ளைகளுக்கு இது மட்டும் கணீரென்று கேட்டது. எல்லாக் கட்டங்களிலிருந்தும் சிரிப்பு. அந்த அம்மா சத்தமில்லாமல் எழுந்து போனாள்.

மைக் அணையவில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ம், பாடத்தக் கவனிங்க" என்று சமாளித்தார். கேவலம், அதுகூட அதட்டலாகத்தான் வந்தது.

"ஒரு வார்த்தை கேட்டுடேன்" என்றார் கணவர்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது?"

இரவெல்லாம் புரண்டார். அந்த அம்மாவை மறுபடி மகள் பக்கத்தில் உட்காரவைத்தால்தான் தனக்கு நிம்மதி என்று பட்டது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் சிறுமியை மட்டும் இருக்கச் சொன்னார்.

"அம்மாவக் கூப்பிடும்மா. நான் நேத்து பேசினது பெரிய தப்பு. மன்னிப்புக் கேக்கணும்."

"வேணாம் மிஸ்."

"கோவமா இருக்காங்களா?"

"இல்ல மிஸ். இன்னிக்கும் கூட உக்கார வந்தாங்க. நான்தான் வராதன்னு கதவச் சாத்திட்டேன்."

பிறகு, டீச்சர் மெச்சுவார் என்றோ என்னவோ, ஆங்கிலத்திலேயே சொன்னாள்: அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திருத்த அதில் ஒரு பிழைகூட இல்லை. டீச்சரால் அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.