கிளட்ச் கனமாகிக்கொண்டே போனது

கண்ணாடிக்காரர் என்றுதான் அந்தத் தெருவில் அவரைச் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்து, எள்ளளவு ஸ்க்ரூவை முடுக்கி, ஊரார் பார்வையை எல்லாம் சரிசெய்து அனுப்பியவர். அவருடைய மனைவிக்குப் பார்வை இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு கவிந்து, கடைசியில் நடுவிலும் விழுந்துவிட்டது. எந்தக் கண்ணாடிக்கும் அடங்காத இருட்டு. விதிக்கும் விளையாட ஒரு வீடு தேவைப்பட்டது போலும்.

அவளுக்குப் பார்வை இருந்த கடைசி வருடத்தில் வாங்கியதுதான் அந்த மோட்டார் சைக்கிள். ஐந்நூறு சிசி, இரட்டை சிலிண்டர், முன்னால் ரேடியேட்டர், அடர்பச்சை டேங்க். வேறொருவர் ஓட்டிச் சலித்த வண்டிதான். ஆனால் அவள் கடைசியாகக் கண்ணாரப் பார்த்து ஆசைப்பட்ட பொருள் அது. அதனால் அதில் ஒரு கீறல் விழ அவர் விட்டதில்லை. செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதும், டயரில் காற்று பார்ப்பதும், பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் எஞ்சின் இடுக்குகளைத் தேய்ப்பதும் சனிக்கிழமை மாலை வேலைகள்.

"அவங்களுக்குத் தெரியவா போகுது? ஏன் சார் இந்தப் பாடு?" என்று பக்கத்து வீட்டு டெய்லர் ஒருமுறை கேட்டார்.

"அவ பாத்தது மாறக் கூடாது சார்," என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். வழியில் ஒரு விளையாட்டு. வாசனையையும் காற்றையும் ரோட்டின் குலுக்கலையும் வைத்து, எந்த இடம் வந்திருக்கிறது என்று அவள் சொல்வாள். சரி என்றால் அவர் ஒருமுறை ஹாரன் அடிப்பார். தப்பு என்றால் இரண்டு முறை.

"பேக்கரி தாண்டிட்டோம்." ஒரு ஹாரன். "இது மர டிப்போ." ஒரு ஹாரன். "பாலம்." இரண்டு ஹாரன். "பொய் சொல்றீங்க, பாலம்தான். சக்கரம் தடக் தடக்குனு போச்சே," என்று அவர் முதுகில் ஒரு குத்து விழும். வாரத்தில் ஆறு நாள் நான்கு சுவருக்குள் தடவித் தடவி நடப்பவளுக்கு, அந்த ஒரு காலைதான் உலகம்.

அந்த உலகத்துக்குத்தான் கண் பட்டது.

முதலில் கிளட்ச் கொஞ்சம் கனமாக இருப்பதுபோல் தோன்றியது. கேபிளைக் கழற்றி எண்ணெய் விட்டார். இரண்டு வாரம் தாங்கவில்லை. புதுக் கேபிள் போட்டார். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து கிளட்ச் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றச் சொன்னார். 'மீசை' என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக், தலையைச் சொறிந்துகொண்டே மாற்றிக் கொடுத்தான். அப்படியும் கனம் குறையவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் இடது கை தளர்ந்து, விரல்கள் லிவரிலிருந்து நழுவின.

கடையிலும் ஸ்க்ரூக்கள் கீழே விழத் தொடங்கின. "இப்ப வர்றதெல்லாம் மட்ட சரக்கு, பிடிக்கே நிக்கல," என்று சலித்துக்கொண்டார். கல்லாவில் இருந்த முதலாளியின் மச்சான், "ஏன் மாமா, ஸ்க்ரூவுக்கும் ஒரு கண்ணாடி போட்டு விடலாமா? வழி தெரியாம விழுது," என்று கிண்டல் பண்ணினான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுச் சிக்னலில் வண்டி நின்றது. கியர் விழுந்திருக்க, கிளட்ச்சைப் பிடித்தபடி காத்திருந்தார். பச்சை விழும் முன்பே விரல்கள் தாமாக விரிந்தன. வண்டி ஒரு துள்ளு துள்ளி, எஞ்சின் நின்று, பக்கவாட்டில் சாய்ந்தது. எங்கிருந்து பலம் வந்ததோ, காலை ஊன்றித் தாங்கிவிட்டார். முழங்கால் மட்டும் மளுக்கென்றது. பின்னால் வந்த லாரி கிரீச்சென்று பிரேக் போட்டு ஒரு முழம் தள்ளி நின்றது.

"கேபிள் சரியில்ல," என்றார் மூச்சு வாங்கியபடி.

அவள் அவர் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போய்ச் சத்தம் போட்டார். "என்னய்யா வேல செஞ்ச நீ? என் பொண்டாட்டி செத்திருப்பா."

மீசை கோபப்படவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, ஒற்றை விரலால் லிவரை இழுத்தான். அது அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு முறையும் இழுத்துக் காட்டினான்.

"அண்ணே, வெண்ண மாதிரி இருக்கு. இதுக்கு மேல லேசாக்கணும்னா வண்டியில கிளட்ச்சே இருக்காது. நீங்க ஒரு தடவ டாக்டரப் பாருங்கண்ணே."

"வண்டிக்குக் கோளாறுன்னு வந்தா, எனக்கு வைத்தியம் சொல்றியா?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். ஓட்டிக்கொண்டு வரத் தைரியம் வரவில்லை என்பதைத் தனக்கே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை முற்றத்தில் கேபிளை மறுபடி கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் ஸ்பேனர் நிற்கவில்லை. அது விழுந்த சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்தபடி அவள் வந்தாள்.

"நான் ஒரு தடவ பிடிச்சுப் பாக்கட்டுமா?"

அவர் மறுப்பதற்குள் ஹேண்டில்பாரைத் தடவி, லிவரைக் கண்டுபிடித்து இழுத்துவிட்டாள். அம்மிக்கல்லையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கி அறியாத மெலிந்த கை. லிவர் முழுதும் வந்தது.

"லேசாத்தாங்க இருக்கு."

அவர் தலையில் இடி விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, சதை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. அதில் தன் விரலை வைத்தாள்.

"இந்தக் குழி போன மழைக்காலத்துலயே இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா ஞாயித்துக்கிழமை போயிடுமே."

அவர் அழுது அவள் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். ஊர்க் கண்களை எல்லாம் திருத்தியவருக்குத் தன் கை கண்ணில் படவில்லை. கண் இல்லாதவள் தடவியே கண்டுபிடித்து, ஒரு சவாரிக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆசையால் இரண்டு பேருமே லாரிச் சக்கரத்தின் வாசல்வரை போய் வந்திருந்தார்கள்.

நரம்பு டாக்டர் விரலை விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், ஊசி குத்தி மின்சாரம் வைத்துப் பார்த்தார். போன பலம் திரும்பாது என்றார். வலது கைக்கும் வரும், பிறகு காலுக்கும், அதற்குப் பிறகு என்று அவர் ஆரம்பித்தபோது, "அது போதும் டாக்டர்," என்றாள் அவள். திரும்பி வரும்போது ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இனி யார் கையை யார் பிடித்து நடத்துவது என்பதை இருவரும் கேட்கவில்லை.

வண்டியை விலைக்கு எடுத்துக்கொள்ள மீசையே ஆள் பார்த்துக் கொடுத்தான். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எப்போதும்போல சவாரிக்கான கனத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள்.

"போக வேணாங்க. சும்மா உக்காரலாம்."

வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. அவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார். அவள் தோளைப் பிடித்து ஏறி, இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எஞ்சின் பழையபடி ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

"பேக்கரி தாண்டிட்டோம்," என்றாள்.

ஹாரன் பொத்தான் இடது கைப் பக்கம். கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தம் போதவில்லை. வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் அழுத்தினார். ஒரு ஹாரன். அவர் முதுகு திரும்பியதும், ஏன் திரும்பியது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. முகத்தை அவர் முதுகில் இறுக்கிப் புதைத்துக்கொண்டாள்.

"மர டிப்போ."

மறுபடி முதுகு திரும்பியது. ஒரு ஹாரன்.

"பாலம் வந்துருச்சு."

ஒரு ஹாரன். இந்த முறை அவர் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லவில்லை.

அப்போது முன்னால் ரேடியேட்டர் விசிறி விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே எஞ்சினைக் குளிரவைத்துவிடும், விசிறிக்கு வேலை இருக்காது. நகராமல் நிற்கும்போதுதான் அது சுற்றும். இத்தனை வருடத்தில் நெரிசலில் சிக்கிய சில நாட்களில் மட்டுமே அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள்.

ஆனாலும் அவள் விளையாட்டை விடவில்லை.

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோமாங்க?"

அவர் வலது கையைக் குறுக்கே நீட்டி ஒரு ஹாரன் அடித்தார்.

"எப்ப நகரும்?"

அதற்கு ஒன்று அடிப்பதா, இரண்டு அடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. பொத்தான்மேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.